என்ன சுவர் என்று கேட்காமல் ஆணி கொடுப்பதில்லை

"படம் மாட்டணும் தம்பி, நல்ல பெரிய ஆணியா குடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். "உங்க வீட்டுச் சுவர் என்ன சுவர்?" பாதிப் பேர் முழிப்பார்கள். ரெண்டு ரூபாய் ஆணிக்கு இத்தனை விசாரணையா என்று சிலருக்குக் கோபம்கூட வரும். வரட்டும். கேட்காமல் கொடுத்து ஒரு வீட்டில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

மேடவாக்கம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். கணவர் தவறிப்போய், பதினாறாம் நாள் காரியத்துக்காகப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி பிரேம் போட்டு, பிரேம் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு எடுத்துப்போகிற வழி. பெரிய படம், அதனால் பெரிய ஆணி என்று நானும் யோசிக்காமல் 3 இஞ்ச் கம்பி ஆணியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மகன் அடித்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று அடித்து எப்படியோ மாட்டிவிட்டார்கள். காரியத்தன்று மாலை போட்ட கொஞ்ச நேரத்தில் ஆணி கழன்று, படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேற ஆணி இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

நம் வீட்டுச் செங்கல் சுவரின் உட்பக்கம் பூச்சு பெரும்பாலும் 12 மில்லிமீட்டர்தான். அரை இஞ்ச். அந்த அரை இஞ்சுக்கு உள்ளே செங்கல், இரண்டு செங்கலுக்கு நடுவே கலவை. ஆணியைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் செங்கல்தான், பூச்சு அல்ல. தடித்த ஆணி உள்ளே போக இடம் வேண்டும். சுத்தியல் அடிக்க அடிக்கப் பூச்சைப் பிளந்துதான் அது இடம் பண்ணிக்கொள்ளும். அதோடு சாதாரணக் கம்பி ஆணி மிருதுவான இரும்பு. மரத்துக்கென்று செய்தது. செங்கலில் பட்டதும் வளையும், நிமிர்த்தி அடிப்போம், மறுபடி வளையும், அதற்குள் ஓட்டை பெரிதாகிவிடும். அந்த அம்மா வீட்டில் நடந்தது இதுதான்.

அதற்குப் பதில் ஒன்றரை இஞ்ச் ஸ்டீல் ஆணி, மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். கான்கிரீட் ஆணி என்றும் கேட்கலாம். கடினப்படுத்திய எஃகு, அதனால் வளையாது. பூச்சைத் தாண்டி முக்கால் இஞ்ச் செங்கலுக்குள் உட்கார்ந்தாலே வீட்டில் மாட்டுகிற சாதாரணப் படத்துக்குப் போதும், கால் இஞ்ச் வெளியே நின்றால் சரி. கொஞ்சம் மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து அடியுங்கள். கயிறு சுவரை ஒட்டி இருக்கட்டும். ஆணியின் தலை நுனியில் தொங்கவிட்டால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஆணியைத் தானே பெயர்த்துவிடும். அந்தக் காலத்து வீடுகளில் தாத்தா பாட்டி படங்களைக் கீழே இரண்டு ஆணியில் உட்காரவைத்து, மேலே ஒரு கயிற்றில் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் பாரம் முழுக்கக் கீழ் ஆணிகளில், மேல் ஆணி சாயாமல் பிடிக்க மட்டும். பெரிய படத்துக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா வீட்டுப் படத்தையும் அப்படித்தான் மாட்டச் சொன்னேன்.

இப்போது புது அபார்ட்மென்ட்களில் கதையே வேறு. ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக் குமிழி விட்டுச் செய்த லேசான கான்கிரீட் கல், அதில் கட்டிய சுவர் என்றால் கேக் மாதிரி ஆணி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். ஒரு கன மீட்டர் 600 கிலோ அளவுக்குத்தான் எடை, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. காலண்டர், சின்னப் போட்டோ என்றால் 2 இஞ்சுக்குக் குறையாத ஆணி போதும். அதற்கு மேல் போனால் அந்தச் சுவருக்கென்றே வருகிற பிளக் (ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஓட்டைக்குள் செருகுகிற உறை) வாங்குங்கள். மைவான் முறையில் அச்சு வைத்து வார்த்த வீடு என்றால் சுவர் முழுக்கக் கான்கிரீட். அங்கே ஆணியோடு மல்லுக்கட்டவே வேண்டாம், டிரில் பண்ணிவிடுங்கள். என்ன சுவர் என்று தெரியாவிட்டால் கதவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். பூச்சுப் பொடி போனபிறகு சிவப்புப் பொடி வந்தால் செங்கல். வெளிறிய பொடி பொலபொலவென்று வந்தால் ஏ.ஏ.சி. டிரில் அலறுகிறது, பொடியே வரவில்லை என்றால் கான்கிரீட்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஆணியே கேட்காதீர்கள். பலகை, அதன்மேல் சுண்ணப்பூச்சு, கல், கண்ணாடி, தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து கனக்கும். அதற்கு ஸ்க்ரூவும் பிளக்கும்தான். ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் நைலானில் அந்தப் பிளக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் நம் ஊர் ஆசாரிகள் சுவரைக் குடைந்து மர ஆப்பு இறக்கி, அதில் ஆணி அடித்தார்கள். பழைய வீடுகளில் அந்த ஆப்பு இன்னும் அசையாமல் இருக்கிறது.

அப்புறம் பீடிங். அலமாரி ஓரம், போட்டோ சட்டம், கதவு ஓரம் என்று பட்டையான மெல்லிய மரத்துண்டு ஒட்டுவதற்குத் தடித்த ஆணி கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பீடிங்கைப் பிடிப்பது ஃபெவிகால். அது காய்கிற வரைக்கும் நகராமல் வைத்திருப்பதுதான் ஆணியின் வேலை. அதனால் தலையில்லா ஆணி, 18 கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர். நீளத்துக்கு பீடிங் கனத்தைப் போல மூன்று மடங்கு கணக்கு. 6 மில்லிமீட்டர் பீடிங்குக்கு முக்கால் இஞ்ச், 8 என்றால் ஒரு இஞ்ச்.

எங்கள் தெருவில் ஒரு பெரிய ஆசாரி இருந்தார். பீடிங் முனையில் அடிக்கிற ஒவ்வொரு ஆணியையும் தலைகீழாக நிறுத்தி, கூரான நுனியில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டுவார். நுனி மழுங்கிவிடும். கூர் நுனி நாரைப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய நுனி நாரை நசுக்கிக்கொண்டு போகும், பட்டை வெடிக்காது. தேக்காக இருந்தால் அதே ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி முதலில் ஓட்டை போட்டுக்கொள்வார். கடைசியில் பஞ்ச் என்கிற சின்ன இரும்புக் குச்சியை வைத்துத் தட்டி ஆணியை மரத்துக்குள் ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) இறக்கி, அதே மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைப்பார். பாலிஷ் போட்டபின் ஆணி எங்கே என்று தேடத்தான் வேண்டும். இப்போது எல்லாரும் கம்ப்ரஸரும் காற்றில் ஆணி அடிக்கிற கன்னும் வைத்து எஃப் 30 என்கிற 30 மில்லிமீட்டர் பின் அடிக்கிறார்கள். வேகமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் காற்றழுத்தத்தைக் குறைக்காமல் 6 மில்லிமீட்டர் பட்டையில் அடித்தால் பின் மறுபக்கம் போய்விடுகிறது, பட்டை தொளதொளவென்று நிற்கிறது.

கடல் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாதா இரும்பு ஆணி வாங்க வேண்டாம். உப்புக் காற்றில் துருவேறி வெள்ளைச் சுவரில் பழுப்பு ஒழுகும். ஜிங்க் முலாம் பூசியது அல்லது பித்தளை கேளுங்கள்.

ஸ்டீல் ஆணி வளையாது என்றேன், ஆனால் சுத்தியல் அதன் தலையில் கோணலாகப் பட்டால் படாரென்று ஒடிந்து தெறிக்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அடிக்காதீர்கள். ஆணியை விரலால் பிடிக்காமல் துணி கிளிப்பில் கவ்விப் பிடியுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் எந்த ஆணியும் வேண்டாம், வயர் பைப் அந்த வழியாகத்தான் போகும். கடைக்கு வரும்போது படத்தையும் கையோடு எடுத்து வாருங்கள், சுவரை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எடுத்துத் தருகிறேன்.