மிச்சம் இருந்த 38 பேர்

ரொம்ப நாளா மனசுல கெடந்த விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் ஒரு ஸ்கூல் டீச்சர். போன வருஷம் என் ஒன்பதாம் கிளாஸ்ல படிக்கற பொண்ணு ஒருத்தி, ஆன்லைன்ல எடுத்த ஸ்பெஷல் கிளாஸ்ல கொட்டாவி விட்டிருக்கா. யாரோ அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சுத்தி இருக்கறதெல்லாம் வெட்டிட்டு, மொகத்த மட்டும் ஸ்டிக்கர் ஆக்கி பசங்க வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டுட்டாங்க. அவ்ளோதான், அதுக்கப்புறம் ஹோம்வொர்க் பத்தி யாராவது கேட்டா அந்த ஸ்டிக்கர், டெஸ்ட்டுன்னா அந்த ஸ்டிக்கர், காலையில குட்மார்னிங்குக்கு பதிலாவும் அதே ஸ்டிக்கர்னு மூணு வாரம் ஓடியிருக்கு. அவளும் அந்த குரூப்லதான் இருக்கா. வெளிய போனா "பாரு, கோவிச்சுக்கிட்டா"ன்னு அதுக்கும் சிரிப்பாங்கன்னு உள்ளயே இருந்திருக்கா. எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, நேர்ல கிளாஸ் நடக்கும்போது அவ எப்பவும் வாய கையால பொத்திக்கிட்டே உக்காந்திருந்தா. பல்வலியாம்மான்னு கேட்டேன். அழுதுட்டா.

நாங்க என்ன பண்ணோம்? எல்லா ஸ்கூல்லயும் பண்றததான் பண்ணோம். செஞ்சவன கண்டுபிடிச்சு, அப்பா அம்மாவ வரச்சொல்லி, மன்னிப்பு லெட்டர் வாங்கினோம். அடுத்த வாரம் எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு இத பண்ணாதே, அத பண்ணாதேன்னு ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டோம், பசங்களும் கைதட்டினாங்க. ஆனா அந்த ஸ்டிக்கர் யார் யார் ஃபேவரைட்ஸ்ல சேவ் பண்ணியிருந்தாங்களோ அவங்க போன்ல அப்படியேதான் இருந்துச்சு. குரூப்ல டெலிட் பண்ணிட்டா மட்டும் அது போயிடாது.

அப்புறம் ஒரு நாள் ஒரு பையன் என்கிட்ட வந்து சொன்னான், "மிஸ், நான் அத அனுப்பவே இல்ல மிஸ், பாத்தேன், அவ்ளோதான்." நல்ல பையன், பொய் சொல்லல. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு இதே யோசனைதான். குரூப்ல 40 பேரு. செஞ்சவன் ஒருத்தன், அடிபட்டவ ஒருத்தி. நாம பாடம் எடுக்கறது இந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான், ஒருத்தனுக்கு "செய்யாதே", இன்னொருத்திக்கு "ஜாக்கிரதையா இரு". மிச்சம் இருக்கற 38 பேருக்கு என்ன சொல்லிக்குடுத்தோம்? ஒண்ணுமே இல்ல. பொறுப்பான டிஜிட்டல் குடிமகன்னு பெருசா பேசறோமே, அது இந்த 38 பேரப் பத்தின பேச்சா இருக்கணும்ங்கறதுதான் என் கருத்து, ஏன்னா முக்காவாசி நேரம் நாம எல்லாருமே அந்த எடத்துலதான் இருக்கோம்.

அதனால ஒரு பீரியட் முழுசா இதுக்கே எடுத்தேன். "தப்ப தட்டிக் கேளு"ன்னு வீரவசனம் எதுவும் பேசல, பதினாலு வயசுல குரூப்ல எல்லார் முன்னாடியும் எதுத்துப் பேசறது எவ்ளோ கஷ்டம்னு நமக்கே தெரியும். நிஜமா என்ன டைப் பண்ணுவீங்களோ அத பேப்பர்ல எழுதுங்கன்னு மட்டும் சொன்னேன். அவளுக்கு தனியா ஒண்ணு, அனுப்பினவனுக்கு தனியா ஒண்ணு, குரூப்ல ஒண்ணு. நம்பமாட்டீங்க, பரீட்சைக்கு பக்கம் பக்கமா எழுதற பசங்க ஒரு வரி எழுத முடியாம பேனாவ கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தி நாலு தடவ எழுதி அடிச்சா. கடைசியில பின் பெஞ்சு பையன் ஒருத்தன் எழுதினத எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க: "டேய் போதும்டா, வேற பேசலாம்." அவளுக்கு தனியா அனுப்பறதுக்கு, "நான் பாத்தேன், எனக்கு புடிக்கல, நீ ஓகேவா?" இத அந்த மூணு வாரத்துல ஒருத்தர் அனுப்பியிருந்தா கூட போதும்னு அவ அப்புறமா என்கிட்ட சொன்னா.

ஃபார்வர்ட் கதையும் இதேதான். 2018ல சயின்ஸ் இதழ்ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழக ஆளுங்க ஒரு ஆய்வு போட்டாங்க, ட்விட்டர்ல 2006ல இருந்து 2017 வரைக்கும் பரவின சுமார் 1,26,000 செய்திங்கள பாத்ததுல பொய்தான் உண்மைய விட வேகமா, ரொம்ப தூரம் போயிருக்கு. அதுக்கு காரணம் ரோபோ அக்கவுண்ட் இல்ல, சாதாரண மனுஷங்க. அதே மாதிரி 2020 ஏப்ரல்ல, ஏற்கெனவே பல கை மாறி வந்த மெசேஜ ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்னு வாட்ஸ்ஆப் மாத்தினாங்க, அதுக்கப்புறம் அந்த மாதிரி ஃபார்வர்ட் 70 சதவீதம் கொறஞ்சிடுச்சுன்னு அவங்களே சொன்னாங்க. யாருக்கும் புதுசா அறிவு வந்துடல, கைக்கு ஒரு சின்ன தடை வந்துச்சு, அவ்ளோதான். அந்த ஒரு நிமிஷ நிதானத்தத்தான் பசங்களுக்கு பழக்கணும். ஒரு செய்தி வந்தா அதே பக்கத்த மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காம இன்னொரு டேப் தெறந்து இத வேற யார் சொல்றாங்கன்னு தேடுன்னு சொல்லிக்குடுங்க. செய்திய சரிபாக்கறத தொழிலா வச்சிருக்கறவங்க செய்யறது அதத்தான்.

இப்ப ஏஐ வந்தப்புறம் ஸ்டிக்கரெல்லாம் சின்ன விஷயம் ஆயிடுச்சு. ஒரு குழந்தையோட ஆபாசப் படம், நிஜமோ போலியோ, சுத்துதுன்னு தெரிஞ்சா டீச்சருங்க தயவுசெஞ்சு ஆதாரத்துக்குன்னு கூட அத உங்க போனுக்கு வாங்காதீங்க. டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை 2023ல இருந்து இருக்கு, படத்த அங்க அனுப்பவே வேண்டாம், நம்ம போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி கோடு உருவாகும், அது மட்டும்தான் போகும், அத வச்சு இதுல சேந்திருக்கற தளங்கள் அந்தப் படத்த தேடி எடுத்துடும். இது எத்தன ஸ்டாஃப் ரூம்ல தெரியும்?

கடைசியா, நம்ம பக்கம். பெரும்பாலான ஆப்ல சேர 13 வயசு ஆகணும்னு ஒரு விதி இருக்கே, அமெரிக்காவுல 1998ல குழந்தைங்க தகவல பாதுகாக்க போட்ட சட்டத்துல இருந்து வந்தது அது. பத்து வயசு புள்ளைக்கு பொறந்த வருஷத்த மாத்திப் போட்டு அக்கவுண்ட் தெறந்து குடுக்கறது யாரு? பெத்தவங்கதான். இன்டர்நெட்ல அந்தப் புள்ள கத்துக்கிட்ட மொத பாடமே பொய், சொல்லிக்குடுத்தது நாம. டீச்சருங்களும் சளைச்சவங்க இல்ல, ஸ்கூல்ல ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் மொத்த மார்க் லிஸ்ட்டையும் பேரோட பேரண்ட்ஸ் குரூப்ல போடறோம். ஃபெயிலான புள்ளைய கேட்டா போட்டோம்? அதுவும் ஒரு ஸ்டிக்கர்தான்னு எனக்கு இப்பதான் ஒறைக்குது.

இனிமே தனித்தனியா அனுப்பலாம்னு ஸ்டாஃப் மீட்டிங்ல கேட்டேன். அதுக்கெல்லாம் ஏது நேரம்னு சொல்லிட்டாங்க. போன டெஸ்ட்டுக்கு என் கிளாஸுக்கு மட்டும் நானே அனுப்பிப் பாத்தேன். 40 பேருக்கும் சேத்து இருபது நிமிஷம்தான் ஆச்சு.