பழுப்பு உறையும் பெருவிரல் ரேகையும்

நான் கிழக்கு லண்டனில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் உதவி ஆசிரியையாக வேலை செய்கிறேன். சென்ற வாரம் மதிய இடைவேளையில் உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் முறை. பணம் கட்டும் இடத்தில் ஒரு சிறுவன் தட்டுடன் நின்றான். தட்டில் ஒரு சிறு கிண்ணம் பாஸ்தா, ஒரு ஓட்ஸ் கேக் துண்டு, ஒரு ஆப்பிள் சாறுப் பெட்டி. காசுக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகையைப் படிக்கும் கண்ணாடியில் விரலை வைத்தான். கணக்கில் பணம் போதாது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அவன் சாறுப் பெட்டியை எடுத்துத் திரும்ப வைத்தான், மறுபடி விரலை வைத்தான், மறுபடியும் சிவப்பு. கேக் துண்டையும் திரும்ப வைத்தான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தத் தொடங்கியதும், என் பக்கம் திரும்பி, தான் கேட்கப்படுவதற்கு முன்னமே, "எனக்கு அது உண்மையில் வேண்டாம், மிஸ்" என்றான். அவன் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் வகுப்பையோ வேறு விவரங்களையோ நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை நான் அறிவேன், அதே வயதில் அதை நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன் என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நான் 2000ஆம் ஆண்டு ஈஸ்ட் ஹாமில் பிறந்தேன். அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். 2004 செப்டம்பரில் ஆரம்பப் பாடசாலையில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் திங்கட்கிழமை காலை என்றால் பழுப்பு உறை. முதல்நாள் இரவு அம்மா அதில் ஏழெட்டுப் பவுண்டைச் சில்லறையாக எண்ணிப் போட்டு, ஒட்டி, என் பெயரையும் வகுப்பையும் தொகையையும் மேலே எழுதிவைப்பார். காலையில் வரவு எடுக்கும்போது நாங்கள் ஒவ்வொருவராகப் போய் அதை ஆசிரியையின் மேசையில் இருந்த தகரப் பெட்டியில் போட வேண்டும். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளின் பெட்டிகள் வாசலில் சக்கரம் வைத்த தட்டில் அடுக்கியிருக்கும். உறையும் இல்லை, சாப்பாட்டுப் பெட்டியும் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு இலவச உணவு என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த தோழி அப்படி உறை கொண்டுவராத பிள்ளை. ஒரு திங்கட்கிழமை அவளும் ஓர் உறையோடு வந்தாள். கோடு போட்ட கொப்பித் தாளைக் கிழித்து மடித்துப் பசை ஒட்டிய உறை அது. மேலே அவளுடைய கையெழுத்தில் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவள் எழுந்துபோய் எங்களைப் போலவே அதைத் தகரப் பெட்டியில் போட்டாள். ஆசிரியை அதை ஒரு கணம் பார்த்தார், மற்ற உறைகளோடு சேர்த்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆசிரியைக்கு நான் இன்றைக்கும் நன்றியுடையவள். ஆனால் ஒரு நல்ல ஆசிரியையின் மௌனத்தை நம்பி ஏழு வயதுப் பிள்ளையின் மானம் இருக்க வேண்டிய நிலையை உருவாக்கியது யார் என்ற கேள்வியும் எனக்கு அன்றிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

2009 செப்டம்பரில், நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது, அந்த உறை இல்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் மூன்று பகுதிகளில் அரசாங்கம் ஒரு பரிசோதனையைத் தொடங்கியிருந்தது. நியூஹாமிலும் டர்ஹாமிலும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும், பெற்றோரின் வருமானத்தைப் பாராமல், மதிய உணவு இலவசம். வுல்வர்ஹாம்டனில் மட்டும் வருமான எல்லையை உயர்த்தினார்கள். நாங்கள் இருந்த ஈஸ்ட் ஹாம் நியூஹாமைச் சேர்ந்தது. கடிதம் வந்த அன்று அம்மா அதை அப்பாவைக் கொண்டு இரண்டு தடவை வாசிப்பித்தார். "ஏதும் படிவம் நிரப்ப வேணுமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு சொன்னார்: "நாங்கள் படிக்கேக்க பள்ளிக்கூடத்தில பணிஸ் குடுத்தவை. எல்லாருக்கும்தான் குடுத்தவை. ஆரிட்டயும் ஒண்டும் கேக்கேல்லை." யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலையில் சாப்பிட்ட அந்தப் பணிஸின், அதாவது பன்னின், வாசத்தை அவர் அதற்குப் பிறகு பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் உணவுக்கூடம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். முன்பு பெட்டி கொண்டுவந்தவர்களுக்கு ஒரு பக்கம், பாடசாலைச் சாப்பாட்டுக்காரருக்கு இன்னொரு பக்கம் என்று மேசைகள் இருந்தன. வட்ட இருக்கைகள் மேசையோடு சேர்ந்தே மடியும் அந்த நீல மேசைகளில் இப்போது எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பிரித்தானியப் பாடசாலைகளில் மீனும் சிப்ஸும், எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மரக்கறி. ஆகவே ஊரே மீன் சாப்பிடும் நாளில் நான் அவித்த உருளைக்கிழங்கைப் பிளந்து அதன்மேல் பீன்ஸும் துருவிய சீஸும் போட்டுச் சாப்பிடுவேன். என் தோழி தன் மீனில் மொறுமொறுப்பான தோலை மட்டும் பிய்த்து என் தட்டின் ஓரத்தில் வைப்பாள், நான் வேண்டாம் என்பேன், அவளே திரும்ப எடுத்துத் தின்பாள். இறுதியில் எல்லோருக்கும் ஒரே கேக், அதன்மேல் ஒரே மஞ்சள் கஸ்டர்ட். யாருடைய கஸ்டர்ட் காசு கொடுத்து வாங்கியது, யாருடையது இல்லை என்று அங்கே எந்தப் பிள்ளைக்கும் தெரிய வழியில்லை. எனக்கும் தம்பிக்குமாக வாரம் பதினாறு பவுண்டு வீட்டில் மிஞ்சியது. அம்மா அதை, முன்பணம் கட்டி மின்சாரம் எடுக்கும் மீட்டரின் சாவியில் ஏற்றுவார். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் மாலையில் மேலங்கி போடாமல் வீட்டுப்பாடம் செய்தோம்.

2011இல் பரிசோதனை முடிந்த பின் அதை மதிப்பிட்டவர்கள், எல்லோருக்கும் உணவு கொடுத்த இரண்டு பகுதிகளிலும் பிள்ளைகள் தங்களைப் போன்ற வேறு பகுதிப் பிள்ளைகளைவிடப் படிப்பில் நான்கு முதல் எட்டு வாரங்கள்வரை முன்னேறியிருந்ததாகக் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்பும் இலவசமாகத்தானே கிடைத்தது, பிறகு ஏன் மாற்றம் என்று சிலர் கேட்பதுண்டு. தகுதி இருந்தும் பதிவு செய்யாத குடும்பங்களும் உண்டு, தகுதியின் கோட்டுக்குச் சற்று மேலே நின்ற எங்களைப் போன்ற குடும்பங்களும் உண்டு. எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பவுண்டு என்பது சிறிய தொகை அல்ல. பரிசோதனை முடிந்தபோதும் நியூஹாம் நகரசபை தன் சொந்தப் பணத்தில் அதைத் தொடர்ந்தது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் செய்த நன்மையை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் நான் 2011 செப்டம்பரில் இடைநிலைப் பாடசாலைக்குப் போய்விட்டேன். பதினொரு வயதில் பிள்ளைக்குப் பசி குறைந்துவிடும் என்று யாரோ முடிவு செய்ததுபோல, அந்தச் சலுகை ஆரம்பப் பாடசாலையோடு நின்றது. புதிய பாடசாலையில் உறை கிடையாது, பெருவிரல் ரேகை. அதில் யாருக்கு இலவசம் என்று வெளியே தெரியாது என்றார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நான் பணம் கட்டினேன். அப்பா வேலை செய்ததால் எங்களுக்கு வேலை செய்வோருக்கான வரிச் சலுகைக் கொடுப்பனவு கிடைத்தது, அது கிடைக்கும் குடும்பத்துக்கு அன்றைய விதிப்படி இலவச உணவு கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு வேலை போனது. படிவம் மூன்று வாரம் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே கிடந்தது. "பிள்ளைக்குச் சாப்பாடு போட வழியில்லை எண்டு எழுதிக் குடுக்கிறதோ?" என்று அப்பா கேட்டார். கடைசியில் அம்மாதான் கையெழுத்து வைத்தார்.

வெளியே தெரியாது என்று சொன்னது சரியில்லை என்பது முதல் வாரத்திலேயே விளங்கியது. என் ரேகையில் ஒரு நாளைக்கு இரண்டு பவுண்டுச் சொச்சம் ஏறும், அது மதியத்துக்கு மட்டும். பதினொரு மணி இடைவேளையில் அது வேலை செய்யாது. மிச்சம் இருந்தால் அடுத்த நாளுக்குச் சேராது, அன்றைக்கே அழிந்துவிடும். பதினொரு மணிக்குத் தோழிகள் சூடான வெண்ணெய் தடவிய டோஸ்ட் வாங்க வரிசையில் நிற்கும்போது நான் அவர்களுடைய பைகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பேன். "உனக்கு?" என்று கேட்டால், "எனக்கு வேண்டாம், காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டேன்" என்பேன். ஏறக்குறைய ஆறு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு அப்பா ஒரு கடையில் காசாளராக வேலைக்குப் போனார். வீட்டில் சாமிக்கு விளக்கேற்றிப் பாற்சோறு செய்தோம். சில வாரங்களில் என் இலவச உணவு நின்றது. அப்பாவுக்கு வந்த சம்பளத்தைவிட அந்த மாதச் செலவு கூடுதலாக இருந்தது, ஆகவே அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய மாதத்தில்தான் நான் மதியத்தில் மிகக் குறைவாகச் சாப்பிட்டேன். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் சிலர், அது பழைய கதை, இப்போது விதிகள் மாறிவிட்டன என்பார்கள். மாறித்தான் இருக்கின்றன. 2014இல் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து முழுவதும் இலவசமாயிற்று. 2023 செப்டம்பரில் லண்டன் மேயர் சாதிக் கான் நகரின் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார். அதே மாதம் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபை பதினாறு வயதுவரை இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவதாக. லீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவர் ஹாம்லெட்ஸ், இந்தப் பக்கம் நான் வளர்ந்த நியூஹாம். ஒரே பேருந்தில் வரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத் தட்டு நிறையும், மற்றவருக்குத் திரையில் சிவப்பு வரும் என்றால், அந்த ஆற்றை வைத்து எந்த நியாயத்தைச் சொல்ல முடியும்?

மற்ற இடங்களில் 2018 முதல் இலவச உணவுக்கு இருந்துவந்த தகுதிக் கோடு, கொடுப்பனவுகளைச் சேர்க்காமல் ஆண்டு வருமானம் 7,400 பவுண்டு. விலைவாசி ஏறியபோதும் அந்த எண்ணை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடவில்லை. 2026 செப்டம்பர் முதல் யுனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்தோருக்கும் வேலையில்லாதோருக்குமான அரசாங்கக் கொடுப்பனவைப் பெறும் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச உணவு என்று அரசாங்கம் 2025இல் அறிவித்ததை நான் மனதார வரவேற்கிறேன், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதனால் புதிதாகத் தகுதி பெறுவார்கள் என்றார்கள். ஆனால் கோட்டைத் தள்ளிப் போட்டாலும் அது கோடுதான். கோட்டுக்கு மேலே பத்துப் பவுண்டு கூடுதலாக உழைக்கும் ஒருவருடைய பிள்ளை மறுபடியும் சுவரோரம் நிற்கும்.

பணக்காரப் பிள்ளைக்கு ஏன் இலவச உணவு என்ற கேள்விக்கு என் பதில் எளிது. அதே பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தையும் நாற்காலியையும் ஆய்வுகூடத்து எரிவாயுவையும் கொடுக்கும்போது தகப்பனின் சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை. இந்த நாட்டுக்கு இது புதிய யோசனையும் அல்ல. பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க உள்ளூர் சபைகளுக்கு அனுமதி கொடுத்த சட்டம் 1906இல் வந்தது. 1944இன் கல்விச் சட்டம் பாடசாலை உணவை அந்தச் சபைகளின் கடமையாக்கியது. அந்தக் கடமையைப் பெருமளவு எடுத்துவிட்டது 1980இன் சட்டம். 2020இல் காற்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட், முழுநேரமும் உழைத்த தன் தாய் இலவச உணவை நம்பியிருந்ததை வெளிப்படையாக எழுதியபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். விடுமுறைக் காலத்துக்கும் உணவு உதவியை நீடிக்கும் பிரேரணை அந்த ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் 322க்கு 261 என்ற வாக்கில் தோற்ற இரவு நான் நெடுநேரம் தூங்கவில்லை. அடுத்த மாதமே அரசாங்கம் இறங்கிவந்தது.

இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு என்பது வரும்வரை, பாடசாலைகள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. மிச்சப் பணத்தை அடுத்த நாளுக்குச் சேர்க்கலாம். பதினொரு மணி இடைவேளையிலும் அதைச் செலவழிக்க விடலாம். பிள்ளையின் முகத்துக்கு நேரே சிவப்பு எழுத்துக் காட்டும் திரையைத் திருப்பி வைக்கலாம். இதற்கெல்லாம் பாராளுமன்றம் தேவையில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். தகுதி இருந்தால் தயவுசெய்து படிவத்தை நிரப்புங்கள். என் அப்பாவைப் போல அதை மானக்குறைவு என்று நினைக்கும் பெற்றோரை நான் வேலை செய்யும் இடத்திலும் வாராவாரம் காண்கிறேன். 2011 முதல் வசதி குறைந்த பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் மேலதிக நிதி, இலவச உணவுக்குப் பதிவான பிள்ளைகளை வைத்துத்தான் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் வைக்கும் கையெழுத்தால் உங்கள் பிள்ளைக்கு அருகில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு ஆசிரியர் கிடைக்கலாம்.

அந்தச் சிறுவனுக்கு அன்றைக்குப் பாடசாலைக் கணக்கில் சாறும் கேக்கும் வாங்கிக் கொடுத்தேன். படிவம் ஒன்றை மூடிய உறையில் இட்டு, அம்மாவிடம் கொடு என்று சொல்லி அவன் பையில் வைத்தேன். மறுநாள் மதியம் அவன் வரிசைக்கு வரவில்லை. நூலகத்துக்குப் போகும் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான். பையின் திறந்த வாய்க்குள்ளே நான் வைத்த உறை ஒட்டியபடியே இருந்தது.