மொழுமொழுவென்று இருந்தால் போதுமா?

இப்போது கடைக்குப் போனால் எந்தச் சாமானிலும் பொத்தானைக் காணோம். துணி துவைக்கும் மெஷின், சோறாக்கும் குக்கர், மின்அடுப்பு, எல்லாம் கண்ணாடி மாதிரி மொழுமொழுவென்று இருக்கின்றன. எங்கே தொட வேண்டும் என்பதற்கு மங்கலாக ஒரு படம், அவ்வளவுதான். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகை வரைந்தவர் மனதில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மெத்தென்ற விரல் இருந்திருக்கிறது. தோட்டத்து விரல் இல்லை.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர், அப்புறம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். ஒட்டுப்பால் உரித்து உரித்து அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்த்துப்போய், ரேகையே தேடித்தான் பார்க்க வேண்டும். போன மாதம் துணி துவைக்கும் மெஷின் வாங்கப் போனோம். அம்மா தொடுகிறார், அது அசையவில்லை. அழுத்தித் தொடுகிறார், அப்போதும் இல்லை. கடைப் பையன், "ஆண்ட்டி, லேசா தொட்டா போதும்" என்று தன் விரலை வைத்தான், உடனே 'டிங்' என்றது. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், ஏதோ கையில்தான் குறை என்பதுபோல. எனக்கு அதுதான் சுருக்கென்றது.

குறை கையில் இல்லை. இந்தத் தொடுபலகை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் பக்கத்தில் வரும்போது மின்னூட்டத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் பார்க்கிறது. காய்த்த தோல் தடித்து, காய்ந்து கிடக்கும், அதன் வழியே அந்த மாற்றம் சரியாகப் போய்ச் சேராது. ஈரக் கை என்றால் தண்ணீரும் மின்சாரம் கடத்தும், பலகைக்கு எது விரல், எது தண்ணீர் என்றே குழப்பம். துணி துவைக்கிற இடத்தில் ஈரக் கை இல்லாமல் வேறென்ன கை இருக்கும், சொல்லுங்கள்!

பிறகு ஏன் எல்லாரும் இதையே செய்கிறார்கள்? அழகு பாதிக் காரணம், காசு மீதி. பொத்தானுக்கு அச்சு வேண்டும், ஸ்பிரிங் வேண்டும், தனித்தனி வயர் வேண்டும். தட்டைப் பலகைக்கு இதில் பெரும்பகுதி மிச்சம்.

காரிலும் இதே கதைதான். அங்கே உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இப்போதுதான் கொஞ்சம் புத்தி வருகிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்கு நிஜமான பொத்தானோ நெம்புகோலோ இல்லாவிட்டால் 2026 முதல் புள்ளியைக் குறைக்கிறது. முக்கியமான பொத்தான்கள் திரும்ப வரும் என்று ஃபோக்ஸ்வேகனின் வடிவமைப்புத் தலைவரும் 2025-ல் சொல்லிவிட்டார்.

நம் ஜொகூருக்குப் பக்கத்துக் கடலில் நடந்ததும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவும் காரணம், திசையையும் வேகத்தையும் தொடுதிரையில் வைத்த வடிவமைப்பும் காரணம் என்று 2019-ல் விசாரணை அறிக்கை வந்தது. இரண்டு எந்திரத்தின் வேகத்தையும் சேர்த்தே குறைக்கிறோம் என்று மாலுமிகள் நினைத்தார்கள், உண்மையில் ஒன்றின் வேகம்தான் குறைந்தது. கைப்பிடியாக இருந்திருந்தால் கையே சொல்லியிருக்கும். அதன் பிறகு அமெரிக்கக் கடற்படை பழைய மாதிரி கைப்பிடிக்கே திரும்ப முடிவு செய்தது.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பத் தெரியும், ஒன்றுக்கு மூன்று முறை தொட்டாவது அனுப்பிவிடுவார். திரையில் தமிழ் வருகிறது என்பதும் பெரிய விஷயம். பழைய பொத்தான்களின் மேல் என்றைக்குத் தமிழ் இருந்தது? மொழிக்குத் திரை இருக்கட்டும். முடுக்க, நிறுத்த, தண்ணீர் அளவு மாற்ற, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஏதாவது வையுங்கள். பழைய கைப்பேசியில் 5-ம் எண் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, இருட்டில்கூட விரல் தானே போய் நிற்கும். அந்த மாதிரி யோசனை செய்த ஆட்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

கடைசியில் இரட்டைத் தொட்டி மெஷின்தான் வாங்கினோம், திருகுகிற குமிழ் வைத்தது. விலையும் குறைவு. கடை முதலாளி தவுக்கே அதைக் கடையின் கடைக்கோடியில், மெத்தைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். இளசுகள் யாரும் கேட்பதில்லையாம், ஆனால் தோட்டத்து ஆட்கள் வந்தால் நேரே அங்கேதான் போகிறார்களாம்.