அது காலேஜ் பெண்களின் பார்ட்டி இல்லை

நேற்றைய விவாதத்தைப் பார்க்காதவர்களுக்கு முன்கதை இது. 2024 ஜூலை 24 அன்று நெதன்யாகு அமெரிக்கக் காங்கிரஸில் பேசியபோது கமலா ஹாரிஸ் அங்கே இல்லை, இண்டியானாபொலிஸில் ஸீட்டா ஃபை பீட்டா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் மாநாட்டில் இருந்தார். விவாதத்தில் அதைச் சொல்லி, "காலேஜ் பொண்ணுங்க பார்ட்டிக்குப் போயிட்டாங்க" என்று சிரித்தீர்கள். போனது சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பார்ட்டி என்று சொல்லாதீர்கள்.

சொராரிட்டி என்பது கல்லூரி மாணவிகள் சேரும் பெண்கள் சங்கம். கறுப்பினப் பெண்களின் சொராரிட்டி கல்லூரியோடு முடிவதில்லை. படிப்பு முடிந்ததும் ஊரில் உள்ள பட்டதாரிகள் கிளையில் சேர்கிறார்கள். ஆசிரியை, நர்ஸ், வக்கீல், நீதிபதி எல்லோரும் அறுபது எழுபது வயதிலும் சந்தா கட்டி, குழுக்களில் வேலை பார்க்கிறார்கள். ஆயுள் முழுக்க நீளும் அமைப்பு அது.

டெல்டா சிக்மா தீட்டா என்ற சொராரிட்டியை 1913 ஜனவரியில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் தொடங்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். அமைப்பின் முதல் பொதுவேலையே அதுதான். கமலா உறுப்பினராக உள்ள இன்னொரு சொராரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1935 முதல் 1942 வரை கோடைதோறும் மிசிசிப்பிக்கு மருத்துவர்களையும் நர்ஸ்களையும் அனுப்பியது. தலைமை தாங்கியவர் டாக்டர் டாரத்தி ஃபெரபி. குத்தகைக் குடும்பங்களை மருத்துவ முகாமுக்கு விடமாட்டோம் என்று பண்ணை முதலாளிகள் மறித்தபோது, மருந்தைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கே போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இதுவா பார்ட்டி?

இந்தக் கிளைகளின் இன்றைய வேலை ஒன்றையும் சொல்கிறேன்: வாக்காளர் பதிவு. டெக்ஸாஸில் மக்கள் நிரப்பிய வாக்காளர் பதிவுப் படிவங்களை நினைத்தவரெல்லாம் வாங்கிச் சேர்த்துவிட முடியாது. கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளரிடம் துணைப் பதிவாளராக நியமனம் வாங்க வேண்டும். இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் 31 அன்று அது காலாவதியாகும், மறுபடி வாங்க வேண்டும். கையில் வந்த படிவத்தை 5 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு மூடிவிடும். அவசரத்தில் எழுதுபவர் கையெழுத்தை விட்டுவிடுவார், இல்லாவிட்டால் வசிக்கும் முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண்ணைப் போட்டுவிடுவார். படிவம் செல்லாது. அதை அந்த மேசையிலேயே பார்த்துத் திருத்த வைக்கப் பழகிய ஆள் வேண்டும். தேர்தல் வருடத்தில் மட்டும் முளைக்கும் குழுவிடம் அந்தப் பழக்கம் இருக்காது. ஆண்டு முழுக்க இயங்கும் கிளையிடம் இருக்கும்.

"சேர்க்கையின்போது ராகிங் நடக்கவில்லையா?" என்பீர்கள். நடந்தது, உயிரும் போயிருக்கிறது. பழைய சேர்க்கை முறையை 1990-இல் நிறுத்தியும் தொல்லை முழுதாக ஒழியவில்லை. இதில் நான் வாதாட மாட்டேன். "மேல்தட்டுக் கூட்டம்தானே?" என்பது வேறு. வெள்ளையர் அமைப்புகள் கதவைச் சாத்திய காலத்தில் படித்த பெண்கள் தங்களுக்கென்று கட்டிய வீட்டைப் பார்த்து, ஏன் கட்டினாய் என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

பாட்ரீஷியா ராபர்ட்ஸ் ஹாரிஸைப் பாருங்கள். 1953-இல் டெல்டாவின் முதல் நிர்வாக இயக்குநர். 1965-இல் லக்ஸம்பர்க் தூதர். 1977-இல் வீட்டுவசதித் துறை அமைச்சர், அமெரிக்க அமைச்சரவையில் முதல் கறுப்பினப் பெண். காங்கிரஸ் உறுப்பினர்களாக இருந்த ஷெர்லி சிஸம், பார்பரா ஜோர்டன் இருவரும் டெல்டாதான். பணம், கணக்கு, கூட்டம், தீர்மானம் எல்லாவற்றையும் கையாள வேறு யாரும் இடம் தராத நாளில் அங்கே இடம் இருந்தது.

எனக்கு வலிப்பது வேறொன்று. கமலா நம் சியாமளா கோபாலனின் மகள் என்று, அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தோம், கோயிலில் அர்ச்சனை செய்தோம். கமலா 1986-இல் எந்தப் பெண்களோடு சேர்ந்தார், அவர்கள் என்ன செய்தவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் கூடினால் சங்கம் என்கிறோம். பெண்கள் கூடினால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

2015 ஜனவரியில் லொரெட்டா லிஞ்சை அமெரிக்க அட்டர்னி ஜெனரலாக்குவது (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பற்றி செனட் குழு விசாரித்தபோது, அவருடைய டெல்டா சகோதரிகள் அமைப்பின் நிறமான சிவப்பு உடையில் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்புதல் கிடைக்க ஏப்ரல் 23 ஆனது. அந்த அறையின் புகைப்படங்கள் இணையத்தில் இருக்கின்றன. அடுத்த விவாதத்துக்கு வருமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.