வெட்டிய கார்டை வாங்குவேன், சாயம் தொட்டதை வாங்க மாட்டேன்

பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கும் நண்பர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டார். டை காப் என்ற அந்தக் கால ஆட்டக்காரரின் கார்டு, சிவப்புப் பின்னணி, டி206 வரிசை. ஆனால் ஒரு பக்க ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. வாங்கலாமா? தாராளமாக வாங்குங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. கை வைத்த கார்டு என்றாலே குப்பை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த சின்ன அட்டைகள்தான் டி206. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் பீட்மான்ட், ஸ்வீட் கேப்பரல் என்று ஏதாவது ஒரு சிகரெட் விளம்பரம். புகை பிடித்தது அப்பா, அட்டை போய்ச் சேர்ந்தது பையன் கைக்கு. அவன் அதைப் பசை போட்டு நோட்டில் ஒட்டினான், பின்னால் பெயர் எழுதினான், வெள்ளை ஓரம் பிடிக்கவில்லை என்றால் கத்தரிக்கோலால் நறுக்கினான். நூறு வருஷம் கழித்து நாம் கண்ணாடி வைத்துப் பார்ப்போம் என்று அவனுக்கு என்ன தெரியும்?

அந்த வெட்டு வேறு, காசுக்காக வெட்டுவது வேறு. இரண்டாவதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் டி206 கார்டு. 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் ப்ரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்களே, அதேதான். கார்டைச் சோதித்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் அதற்கு 8 கொடுத்தது. 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஓரம் வெட்டியது என்ற முணுமுணுப்பு வருஷக்கணக்கில் இருந்தது. கடைசியில் 2013இல், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட கார்டு ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, தானே அதன் பக்கங்களை வெட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். அதில் என்னை உறுத்துவது கத்தி இல்லை, அத்தனை வருஷ மௌனம். வெட்டியது என்று அந்த உறையிலேயே எழுதியிருந்தாலும் வாக்னர் வாக்னர்தான். விலைதான் வேறாக இருந்திருக்கும்.

சரி, நான் எங்கே கோடு போடுகிறேன்? வெட்டிய கார்டில் ஏதோ கொஞ்சம் போய்விட்டது. மிச்சம் இருப்பது அத்தனையும் 1910இல் அச்சான மை, அன்றைய அட்டை. சாயம் தொட்டதில் அப்படி இல்லை. யாரோ ஒருவர் நேற்று மார்க்கர் பேனாவில் போட்டதைப் பழசு என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருப்போம். மூலையில் புது அட்டைக்கூழ் வைத்துக் கட்டியதும் இதே கேஸ்தான். இல்லாததைச் சேர்த்த கார்டு எனக்கு வேண்டவே வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் சரி.

டாப்ஸ் கம்பெனி 1971இல் போட்ட கார்டுகளை வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். அந்த வருஷக் கார்டுகளுக்குக் கறுப்பு ஓரம். கொஞ்சம் உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும். ஒரு கோடு மார்க்கர் போட்டால் அதில் உள்ள ஆட்டக்காரர் நோலன் ரயனின் கார்டு பளபளவென்று ஆகிவிடும். முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, அட்டையின் கனம் தெரியும் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய விளிம்பில் மை ஊறி இறங்கியிருக்கும். புற ஊதா விளக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் காகிதம் பெரும்பாலும் அதில் நீலமாக ஒளிரும். நூற்றாண்டுப் பழைய அட்டை மங்கலாகவே கிடக்கும்.

வெட்டைக் கண்டுபிடிக்க லென்ஸ் போதும். பழைய ஓரம் பழுப்பேறி, நார் நாராக, மொழுக்கென்று தேய்ந்திருக்கும். மூன்று பக்கம் அப்படி இருந்து, நான்காவது மட்டும் சவரம் செய்த மாதிரி வெளுத்துக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக ஸ்கேலை எடுத்து அளந்து, அகலம் குறைவு என்றதும் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. அமெரிக்கன் பியூட்டி விளம்பரம் உள்ள டி206கள் மற்றவற்றை விட ஒடுக்கமாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. நல்ல கார்டை வெட்டியது என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

நோட்டில் ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பது பற்றி ஓயாமல் சண்டை நடக்கிறது. வெறும் தண்ணீர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளுப்பான், ரசாயனம் என்று போனால் ஆட்டத்துக்கு வரவில்லை.

நண்பருக்குச் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி மாதிரி நிறுவனங்கள் இப்படிப்பட்ட கார்டுக்கு எண் மதிப்பெண் கொடுக்காமல், அசல்தான் ஆனால் மாற்றப்பட்டது என்று குறித்து உறையில் போட்டுக் கொடுக்கின்றன. அந்த உறையோடு இருப்பதை வாங்குங்கள், வெட்டிய விலைக்கு வாங்குங்கள். முழு ஓரம் உள்ள காப் கார்டுக்கு நம் சம்பளத்தில் ஆசைப்பட முடியாது. இது கைக்கு எட்டும், முகமும் அதே முகம். ஆனால் லாபத்துக்கு என்று நினைத்தால் வேண்டாம். விலை ஏறினாலும் மெதுவாகத்தான் ஏறும், விற்கும்போது வாங்குபவர் நூறு கேள்வி கேட்பார். அப்புறம், கண்ணுக்கு உறுத்துகிறது என்று அந்த உறையை உடைத்துவிடாதீர்கள். உடைத்த கார்டு ஊர் சுற்றி, மூன்றாவது கையில் சுத்தமான கார்டு என்று விலை பேசப்படும். அதை வாங்கி ஏமாறுகிற ஆள் புதுசாகச் சேர்க்க ஆரம்பித்த காலேஜ் பையனாகக்கூட இருக்கலாம்.

நேற்று ராத்திரி பணம் கட்டிவிட்டாராம். பின்பக்கம் பீட்மான்ட். வந்ததும் படம் போடச் சொல்லியிருக்கிறேன்.