சுற்றியவரை விடுங்கள், கூட்டிப்போனவரைக் கேளுங்கள்

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்து முடித்திருப்பீர்கள். ஜப்பானில் யாமாதேரா என்கிற மலைக்கோயில் படியில் மரக்கம்பத்துச் சக்கரத்தை நம்மாட்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று சுற்றிவிட்டு "லக்கி வீல்" என்று கூவுகிறார்களே, அதேதான். மூன்று நாளாக அவர்களைத்தான் போட்டுத் தாளிக்கிறீர்கள். படிப்பில்லை, பண்பில்லை, போன இடத்தில் மானத்தை வாங்கிவிட்டார்கள். சரி. கேமராவுக்குப் பின்னாலிருந்து "மூணு சுத்து சுத்துங்க, நெனச்சது நடக்கும்" என்று ஒரு குரல் வருகிறதே, அது யார் காதிலும் விழவில்லையா? அது கைடு. காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போன கைடு.

அவர்களை விடுங்கள். கூட்டிப்போனவரைக் கேளுங்கள்.

அந்தச் சக்கரத்துக்குப் பெயர் கோஷோகுருமா. சதுரமாகச் செதுக்கிய உயரமான மரக்கம்பம், மேலிருந்து கீழ் வரை எழுத்து, கைக்கு எட்டும் இடத்தில் துளை வெட்டி அதற்குள் பொருத்திய சக்கரம். சின்ன வயதில் போய்ச் சேர்ந்தவர்களுக்காக வைப்பது. "நாமு அமிதா புத்சு" என்று அமிதா புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே சுற்றினால் அந்தப் பிள்ளை சீக்கிரம் மறுபடி மனிதப் பிறவி எடுக்கும் என்பது நம்பிக்கை. சுற்றக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, கமென்ட்டில் அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். சுற்றுவதற்குத்தான் அது இருக்கிறது. யாருக்காகச் சுற்றுகிறோம் என்று சொல்லப் பத்து வினாடி ஆகுமா? சொல்லியிருந்தால் அதில் ஒருத்தராவது சிரித்திருப்பாரா?

"1015 படி ஏறணும், கதை சொல்ல ஏதுங்க நேரம்?" என்பீர்கள். படியில் நின்று சொல்லப் போனால் நேரம் கிடைக்காதுதான். அதனால்தான் கீழேயே, கொன்பொன் சூடோ மண்டபத்துக்கு முன்னால் 15 நிமிடம் நிறுத்த வேண்டும். எல்லாருக்கும் மூச்சு சீராக இருக்கும் கடைசி இடம் அதுதான். மேலே ஏறும் வழியிலிருக்கும் நியோமோன் வாசலுக்கு வரும்போது பாதிப் பேர் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள், அங்கே என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

கீழே சொல்ல விஷயமா இல்லை? 860இல் என்னின் என்ற துறவி தொடங்கிய கோயில். அந்த மண்டபத்தில் அணையாமல் எரியும் விளக்கின் தீ, கியோத்தோ பக்கத்து ஹியேய் மலையில் இருக்கும் என்ர்யகு-ஜி கோயிலிலிருந்து வந்தது. 1571இல் நொபுனாகா என்ற போர்த்தலைவர் ஹியேய் மலையையே கொளுத்திய பிறகு, இங்கிருந்துதான் அங்கே தீயைத் திரும்பக் கொண்டுபோனார்கள். நம்மவர்களிடம் "நந்தா விளக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், தானாகக் குரல் இறங்கும். கைதட்டிக் கும்பிடுவது ஷிண்டோ ஆலயத்தில், இது புத்தர் கோயில், சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மேலே உச்சியில் இருக்கும் ஒகுனோயின் மண்டபத்து முகசாரி எமா என்ற காணிக்கைப் படங்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்யாணமாகாமல் இறந்த பிள்ளைக்கு மணக்கோலத்தில் படம் வரைந்து, பக்கத்தில் கற்பனையாக ஒரு ஜோடியும் நிறுத்தி, பெற்றவர்கள் காணிக்கை வைப்பார்கள். உயிரோடு இருக்கும் யாருடைய பெயரையும் அந்த ஜோடிக்கு வைக்கக் கூடாது. தெரியாதவர் கண்ணுக்கு அது அழகான கல்யாணப் படம், உடனே செல்போனைத் தூக்குவார். தப்பு அவருடையதா?

"கூகுள்ல பாத்துக்க வேண்டியதுதானே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்புறம் கைடு எதுக்கு தம்பி, குடை பிடிக்கவா?

இலையுதிர் காலத்தில் இந்த அலட்சியம் இன்னும் ஆபத்து. நவம்பர் முதல் பாதியில் மேப்பிள் சிவக்கும், கூட்டம் குவியும். மழை பெய்த மறுநாள் கல்லில் ஒட்டிக்கிடக்கும் இலையும் வாழைப்பழத்தோலும் ஒன்று. வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போது. மேலே கோதாய்தோ மண்டபத்தில் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடித்த கையோடு, போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். இலை குவிந்த ஓரத்தை விட்டு, ஆள் நடந்து நடந்து இலை விலகிய நடுப்பகுதியில், பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து இறங்க வேண்டும். அடி தேய்ந்த ஷூவோடு வந்தவரைக் கீழேயே பார்த்து நிறுத்த வேண்டும். நவம்பர் நடுவில் 4.30க்கே பொழுது சாய்கிறது. ஏறி இறங்க 2 மணி நேரம் வைத்தால், மதியம் 2 மணிக்கு மேல் கூட்டத்தை ஏற்றவே கூடாது. இங்கே வரும் சென்சான் ரயில் பாதையில் மணிக்கு ஒரு ரயில் என்கிற கணக்குத்தான். ஒன்றை விட்டால் குளிரில் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், பெரியவர்களையும் வைத்துக்கொண்டு. (ஹைக்கூ கவிஞர் பாஷோ இங்கே கேட்டு எழுதிய சில்வண்டுச் சத்தம் எங்கே என்று நவம்பரில் கேட்பவர்களுக்கு: அவர் வந்தது 1689 கோடையில். அதையும் கைடுதான் சொல்லியிருக்கணும்.)

சாப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். அடிவாரத்தில் குச்சியில் குத்தி விற்கும் தாமா கொன்யாகு கிழங்கு மாவு உருண்டை, "சுத்த சைவம்" என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உருண்டை சைவம்தான். அது வேகும் சோயா சாற்றில் ருசிக்காக உலர்ந்த கணவாயைப் போடும் வழக்கம் உண்டு. வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி. அதுகூட முடியாதா?

"லைசென்ஸ் இல்லாதவங்க பண்றது" என்று சிலர். அதுவும் அரைகுறைதான். ஜப்பானில் 2018 ஜனவரியிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே காசுக்கு வழிகாட்டலாம், சட்டமே மாறிவிட்டது. லைசென்ஸுக்கான அரசுத் தேர்வு நடப்பது 10 மொழிகளில், தமிழ் அதில் இல்லை. ஆக, தமிழில் சொல்கிறவரைச் சோதிக்க ஆளே கிடையாது. அப்படியென்றால் கூடுதல் கவனம் வேண்டுமா, "லக்கி வீல்" வேண்டுமா?

கடைசியாக, "உங்க கஸ்டமர் போயிட்டாங்கன்னு வயித்தெரிச்சல்" என்று எழுதிய அன்பருக்கு. அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். தூங்கினேன், கொஞ்சம் லேட்டாக. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா பிள்ளை பெயரைச் சொல்லிச் சுற்றிவிட்டுப் போகிற சக்கரம் அது. அதற்குப் பக்கத்தில் நின்று "அடுத்து யாரு, வாங்க வாங்க" என்று ஏலம் போட்ட குரலுக்கு, வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை. நேற்று பார்த்தால் அதே வீடியோ, இந்த முறை பின்னணியில் பாட்டுப் போட்டு.