சாமி கிடைக்காத சனிக்கிழமை

'சனி'யிலிருந்துதான் 'சாட்டர்டே' வந்தது என்ற பதிவு மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோள் ஒன்றுதான், சரி. சொல் வேறு. சனி என்றால் வடமொழியில் மெல்ல நகர்பவன். சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு எடுத்துக்கொள்கிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான். நாமும் மந்தன் என்கிறோமே. 'சாட்டர்டே'க்குப் பெயர் கொடுத்த சாட்டர்ன் ரோமானியர்களின் விளைச்சல் தெய்வம். முதல் எழுத்து ஒத்துப்போனால் சொந்தக்காரர் ஆகிவிட முடியுமா?

இதைவிட ருசியான கதை ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து ஏழு நாள் வாரம் வந்தபோது, அந்த மக்கள் ரோமானியச் சாமிகளை எடுத்துவிட்டுத் தங்கள் சாமிகளை வைத்தார்கள். செவ்வாய்க்கு டியூ, புதனுக்கு வோடன், வியாழனுக்கு தோர், வெள்ளிக்கு ஃப்ரிக். சனிக்கு மட்டும் ஈடான சாமி அகப்படவில்லை. அதனால் ஆளுக்கொரு வழி பார்த்துக்கொண்டார்கள்.

ஆங்கிலமும் டச்சும் சாட்டர்னையே வைத்துக்கொண்டன. தெற்கு ஜெர்மனியில் 'ஸாம்ஸ்டாக்'. யூதர்களின் ஓய்வுநாளான சபத், கிரேக்க வடிவம் வழியாக வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 'ஸோன்ஆபென்ட்', அதாவது ஞாயிற்றுக்கு முந்தின மாலை. மாலைக்கு வைத்த பெயர் நாள் முழுவதையும் வளைத்துப்போட்டுவிட்டது. காலை எட்டு மணிக்குக் காபி குடிக்கும்போதும் அவர்களுக்கு அது 'மாலை'தான்! ஜெர்மனியின் சிவில் சட்டத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் நாட்காட்டிக் கட்டத்தில் 'ஸா' என்றுதான் போடுவார்கள். 'ஸோ' என்று சுருக்கினால் ஞாயிறோடு குழம்பிவிடும்.

எனக்குப் பிடித்தது ஸ்காண்டிநேவியர்களின் வழி. சாமியே வேண்டாம், குளிக்கிற நாள் என்று வைத்துவிட்டார்கள். ஸ்வீடிஷ் 'லோர்டாக்' லோகி என்ற தெய்வத்தின் நாள் என்று அங்கேயும் சிலர் கிளப்பிவிடுவது உண்டு. பழைய வடிவம் 'லௌகர்தகர்'. 'லௌக்' என்றால் குளியல், வெந்நீர் ஊற்று. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் பெரிய கடைத்தெருப் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. ஒருகாலத்தில் பெண்கள் அழுக்குத்துணி மூட்டையோடு வெந்நீர் ஊற்றுக்கு நடந்த வழி அது.

ஔவையின் 'சனி நீராடு' ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அதை வைத்து ஔவை ஐஸ்லாந்து போனார் என்று யாரும் பதிவு போட்டுவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றுக் குறிப்பு ஒன்று டேனியர்கள்மீது வைக்கும் புகாரையும் கேளுங்கள்: தினமும் தலை சீவுகிறார்களாம், சனிக்கிழமைதோறும் குளிக்கிறார்களாம், அடிக்கடி உடை மாற்றுகிறார்களாம்; இப்படியெல்லாம் செய்தே இங்கிலாந்துப் பெண்களை மயக்கிவிட்டார்களாம்!